கீழ்ப்பாலையூர் ஐயனார் காட்டில் ஒரு காலை நடை

காலை ஏழு மணிக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ்ஸுக்கு நின்றோம், நானும் சரோஜாக்காவும். நான் டவுன்ஷிப்வாசி. கல்யாணமாகி வந்த நாள் முதல் குவார்ட்டர்ஸ்தான். சரோஜாக்கா கேட்டுக்கு வெளியே வடக்குத்தில், சொந்த வீட்டில் தனியாக இருப்பவர். டவுன்ஷிப் தோட்ட வேலைக்கு கான்ட்ராக்டில் வந்து, பெர்மனன்ட் ஆகி, ரிட்டயரும் ஆகிவிட்டார். ஆறு மாதத்துக்கு முன் அவருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன். அன்றிலிருந்து கையில் ஒரு வேப்பங்கட்டை ஊன்றுகோல்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அவருடைய மகன் குமார். ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கார் கொண்டுவந்து அம்மாவை ஒரேயடியாகக் கூட்டிப் போகப்போகிறான். வீட்டுக்கு வாடகைக்கு ஆள்கூடப் பார்த்துவிட்டான். தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று அவன் கேட்கிறான். அதுவும் நியாயம்தானே! ஆனால் அக்காவுக்கு அந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமில்லை.

“ஐயனார் காட்டுக்குள்ள நடந்தே போயி சாமியப் பாத்துட்டு, நடந்தே வெளிய வரணும் வளரு. முடிஞ்சா இங்கயே இருந்துடுவேன். முடியலன்னா வாய மூடிக்கினு அவங்கூட போயிடுவேன்” என்றார்.

“டவுன்ஷிப்லயே நடந்து பாருங்களேன் அக்கா. நல்ல ரோடு.”

“அந்த ரோட்டுல கொழந்தகூட தவழ்ந்து போயிடும்” என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

பண்ருட்டி போகும் டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் காசில்லை, உட்கார இடமும் இல்லை. ஊன்றுகோலைப் பார்த்து ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அக்காவுக்கு நன்றி சொல்லவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

காடாம்புலியூரில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். கீழ்ப்பாலையூர் காட்டு முகப்பு வரை நூற்றைம்பது ரூபாய். வழியெல்லாம் முந்திரித் தோப்பு. மாசி மாதமாகையால் பூவெடுத்திருந்தது, மண்சாலை முழுக்க அந்த வாசனை. “திரும்பறப்ப போன் போடுங்கம்மா, வந்துடறேன்” என்று ஆட்டோக்காரர் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டரை மணி. காட்டு முகப்பில் வண்ணம் போன மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. வெயிலில் வெளுத்த முந்திரித் தோப்பு அங்கே முடிகிறது, அடுத்த அடியிலேயே இருட்டாகக் காடு தொடங்குகிறது. யாரும் நட்டு வளர்த்த காடு இல்லை இது. இந்தக் கரையோரச் சீமை முழுவதும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும். ஐயனாருக்குப் பயந்து விட்டுவைத்த துண்டு இது.

நடக்க வருகிறவர்களுக்கு இங்கே மூன்று வழி உண்டு. குதிரைகளிடமிருந்து ஐயனார் மேடைக்கு நேராகப் போவது ஒன்று. மேடு பள்ளம் கிடையாது, சருகு மெத்தைபோல் கிடக்கிறது, கால் மணி நேரம் போதும். மேடையிலிருந்து குட்டைக்குப் பிரிவது இரண்டாவது. அதில் வேர்கள் அதிகம், குனிந்து நடக்கவேண்டும். மூன்றாவது, காட்டுக்கு வெளியே சுற்றிவரும் வண்டிப்பாதை. மணல், வெயில், ஆனால் வழி தப்பாது. மூன்றிலும் சுலபமானது முதலாவது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி.

செருப்பைக் குதிரையடியில் கழற்றினோம். தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் துடைப்பத்தோடு எங்களிடம் வந்தார்.

“அந்தத் தடிய இங்க வெச்சிட்டுப் போங்கம்மா. உள்ள போன கட்ட வெளிய வரக்கூடாது. சுள்ளியா இருந்தாலும் சரி, கோலா இருந்தாலும் சரி, இந்தக் குதிரைங்களத் தாண்டிட்டா சாமிக்கித்தான்.”

“நான் பாத்துக்கறேன், வெச்சிட்டு வாங்க அக்கா. என் தோளைப் பிடிச்சுக்கலாம்” என்றேன்.

அக்கா கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “எங்கூரு காட்டுலயும் இதே கட்டுப்பாடுதான். எனக்கு உள்ள போகத்தான் கோலு வேணும். வர்றப்ப வர்றதப் பாத்துக்கலாம்” என்று ஊன்றியபடியே உள்ளே போனார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுக் கூட்டப் போய்விட்டார்.

உள்ளே குளுகுளுவென்றிருந்தது. பாலை மரம் ஒன்றை நானும் அக்காவும் கைகோத்துக் கட்டிப்பிடித்துப் பார்த்தோம், பாதிகூட எட்டவில்லை. தொடை கனத்துக்குக் கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடந்தன. விழுந்த மரங்களும் விழுந்த இடத்திலேயே மட்கிக் கொண்டிருந்தன. ஒரு சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுத்துப்போக ஆளில்லை. எங்கள் டவுன்ஷிப்பிலும் மரத்துக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாம் வரிசையில் நிற்கும்.

அக்கா மெதுவாக நடந்தார், நிற்காமல் நடந்தார். மேடையில் கற்பூரம் ஏற்றிவிட்டு, “வந்துட்டேன்டா ஐயனாரே” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. “வந்த வழியே போனால் என்ன ருசி? குட்டை வழியாகச் சுற்றிப் போவோம்” என்றேன். டவுன்ஷிப்பில் தினமும் நடப்பவள் நான். எங்கள் ப்ளாக்கெல்லாம் கட்டம் போட்ட கோலம் மாதிரி. எங்கே புறப்பட்டாலும் நாலு தடவை இடப்பக்கம் திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வழி யோசிக்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது.

“நாலு லெஃப்ட் அக்கா, குதிரைகிட்ட வந்துடுவோம்.”

“நீதான தெனமும் நடக்கறவ, சொன்னா சரி” என்று அக்காவும் நம்பிவிட்டார், பாவம்.

முதல் இடதில் குட்டை வந்தது. இரண்டாவது இடதில் பாதை சுருங்கியது. மூன்றாவது இடது என்று நான் நினைத்தது ஆடு போன தடம். நாலாவது இடதே வரவில்லை. காசாஞ்செடிப் புதர்தான் வந்தது. போனைத் திறந்தேன். பச்சையாக ஒரு திட்டு, அதில் நீலப் புள்ளியாக நாங்கள். பாதை ஒன்றும் அதில் இல்லை.

“உன் லெஃப்ட்ல இடி வுழ” என்றார் அக்கா. ஆனால் சிரித்தார்.

பக்கத்தில் தெரிந்த காட்டு ஓரத்தைப் பார்த்துப் போவதென்று முடிவு செய்தோம். வேர்மேல் ஊன்றுகோலை ஊன்றி, கொடிக்கடியில் குனிந்து, பத்தடிக்கு ஒருமுறை நின்று, ஒருவழியாக வெளிச்சத்துக்கு வந்தால், எதிரே ஏரிக்கரை! காட்டின் பின்பக்கம். செருப்பும் குதிரையும் மறுபக்கம் கிடந்தன. சுற்றுப்பாதையில் எப்படியும் ஒரு கிலோமீட்டர், மணலில், வெறுங்காலோடு. நான் ஆட்டோவுக்குப் போன் போட்டேன். ஏரிக்கரைப் பக்கம் மணலில் சக்கரம் புதைந்துவிடும், குதிரைகிட்டதான் வர முடியும் என்றார்.

அக்கா காட்டு ஓரத்தில் நின்று கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நினைக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு வந்ததே கோபம்.

“எடுத்துக்கிட்டு வாங்க அக்கா. யாரு பார்க்கப் போறாங்க?”

“நான் பாக்கறேனே.”

“வழி தப்பினது என்னாலதானே? ஐயனாருக்கு அது தெரியாதா?”

“தெரியும். அதுக்கு உன்னத்தான் கேப்பாரு. கோலு அவருதுதான்.”

ஒரு நாவல் மரத்தில் கோலைச் சாய்த்துவைத்துக் கும்பிட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு பாதையில் இறங்கினார். விரல்கள் சதையில் பதிந்தன, வலித்தது. முதல் வளைவு வரை அப்படி. அங்கே ஒரு பனையடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். எழுந்தபோது என் தோளுக்குக் கை வரவில்லை. கேட்கவும் எனக்குப் பயம். இரண்டு அடி பின்னால் கைகளை ஏந்தினாற்போல் வைத்துக்கொண்டு நான் நடந்தேன், நடை பழகும் பிள்ளைக்குப் பின்னால் போவதுபோல. மணல் சுட்டது. அக்கா ஒரு தடவை தடுமாறினார், முள்வேலித் தூணைப் பிடித்து நின்றார், தூணை விட்டார், நடந்தார். மண்குதிரைகளிடம் வந்ததும் நான்தான் கீழே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

“சீ, எழுந்திரு. ஆட்டோக்காரரு பாக்கறாரு” என்றார் செருப்பை மாட்டிக்கொண்டே. சருகு கூட்டிய பெண் அக்காவின் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, அங்கே கிடந்த ஒரு பலகையை முந்தானையால் துடைத்து உட்காரச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. வழி நெடுக நான் மன்னிப்புக் கேட்டேன், அக்கா கால் வலிக்கிறது என்று திட்டினார். இரண்டும் மாறி மாறி நடந்தது. நெய்வேலி நெருங்க, சாலை நேரானது, மரங்கள் வரிசைக்கு வந்தன. இத்தனை வருஷம் தினமும் நடந்திருக்கிறேன், ஒருநாள்கூட வழி தப்பியதில்லை, ஒருநாளும் இன்றைக்குப் போல நடந்ததுமில்லை என்று தோன்றியது.

குமார் போன் செய்தான். பஸ் சத்தத்துக்காக அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டியாம்மா? ஞாயித்துக்கெழம காலையில வந்துடுவேன்.”

“வாப்பா. வர்றேன். புள்ளைங்களப் பாத்து நாளாச்சி. ஒரு பத்து நாளு இருக்கறேன்.”

“பத்து நாளா? அப்புறம்?”

“அப்புறம் நானே பஸ் ஏறி வந்துடுவேன். அந்த வாடகக்காரங்கள வேற வூடு பாத்துக்கச் சொல்லு.”