ஐ.சி. எண் எழுதாத உறுமிக்காரர்

"மேற்கண்ட நிகழ்ச்சியின் வருகைப் பட்டியலில் அடையாள அட்டை எண்ணுக்கான பத்தி காணப்படவில்லை. மூன்று நாள்களுக்குள் விளக்கம் தரவும்."

கூலிம் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரி, அங்கே விரிவுரையாளராக இருந்த என் சித்திக்கு அனுப்பிய கடிதத்தின் நடுப்பகுதி இது. மூலம் மலாய், தமிழாக்கம் என்னுடையது. நிகழ்ச்சி வெள்ளிக்கிழமை நடந்ததாகக் கடிதம் சொல்கிறது. அது பிழை. அன்று காலை நான் பள்ளியில் விளையாட்டு, சங்கம் போன்ற புறப்பாட நடவடிக்கைக்குப் போய்விட்டு, சீருடையோடு நேராகக் கல்லூரிக்கு வந்தேன். எங்கள் பள்ளியில் புறப்பாடம் சனிக்கிழமைகளில் மட்டும்தான். நான் அப்போது தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி.

ஆவணம் இல்லாமல் இந்நாட்டில் வாழ்பவர்களைப் பற்றிச் சித்தி பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைத் திறந்தால் மாணவர்கள் தூங்கினார்கள். ஆகவே ஒரு குறும்படம், கொஞ்சம் இசை, பிறகு கலந்துரையாடல் என்று ஏற்பாடு செய்தார். படம் மாணவர்களே எடுத்தது. இசைக்கு, லூனாஸில் நாங்கள் வாராவாரம் சாப்பிடும் கடையில் தோசை சுடும் அண்ணனை அழைத்திருந்தார். கோயில் திருவிழாக்களில் அவர் உறுமி வாசிப்பார்.

அவர் தமிழ்நாட்டிலிருந்து முறையான வேலை பெர்மிட்டில் வந்தவர். முந்தைய முதலாளி அதைப் புதுப்பிக்கவில்லை. கடப்பிதழையும், அதாவது பாஸ்போர்ட்டையும், திருப்பித் தரவில்லை. பிடிபட்டால் தடுப்பு முகாம்தான். இதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, அவர் சுடும் தோசையின் ஓரம் மொறுமொறுவென்று இருக்கும் என்பது மட்டும்தான்.

எங்கள் ஊர்ப்பக்கம் நான்கு பேர் கூடினாலும் வருகைப் பட்டியல் உண்டு. பெயர், ஐ.சி. எனும் அடையாள அட்டை எண், கையொப்பம். சித்தி அந்த மேசையை என்னிடம் ஒப்படைத்தார். வகுப்பில் நான் கண்காணிப்பாளர். விதி என்றால் விதி. உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசையைத் தாண்டிப் போனவரை விடவில்லை.

"அண்ணே, நீங்க எழுதல."

"அப்புறம் எழுதுறேன் பாப்பா."

"அப்புறம்னா மறந்துருவீங்க. ஐ.சி. நம்பரும் போடணும்."

"மனப்பாடமா இல்லம்மா."

"எனக்கே மனப்பாடம்லா. சொல்லட்டா?" என்று என்னுடைய பன்னிரண்டு எண்களையும் உரக்க ஒப்பித்தேன்.

வரிசையில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். "இந்தப் பாப்பாவுக்கு இமிகிரேஷன்ல வேலை போட்டுக் கொடுங்கலா" என்றான் ஒருவன்.

அந்தச் சிரிப்பில் வாசலில் நின்ற கல்லூரியின் பாதுகாப்பு மேலாளர் திரும்பிப் பார்த்தார். என்ன விஷயம் என்று மலாயில் கேட்டபடி மேசையை நோக்கி வந்தார். அண்ணன் உறுமியின் வாரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவருடைய காதோரம் வியர்வை இறங்கியது. மண்டபத்தில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்ததால் அது எனக்கு விநோதமாகப்பட்டது. இவர் எண் தர மறுக்கிறார் என்று புகார் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் சித்தி வந்துவிட்டார். பதாகை கட்டிக்கொண்டிருந்த கையில் கத்தரிக்கோல் இருந்தது. என் தாள்களை எடுத்து அடுக்கி, நடுப்பத்தியை மேலிருந்து கீழாக வெட்டி எடுத்தார். மாணவர்களின் எண்கள் இப்படி மேசையில் திறந்து கிடப்பது சரியில்லை என்று மேலாளரிடம் நிதானமாக மலாயில் சொன்னார். அவர் ஏதோ யோசித்துவிட்டு வாசலுக்கே போனார்.

"மிஸ், இப்படிக் கொடுத்தா ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க" என்றார் ஒரு மாணவி.

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

வெட்டுப்பட்ட என் பட்டியலைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. பெரியவர்களுக்கு ஒழுங்கு தெரியவில்லை என்று நினைத்தேன்.

படத்தில், செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஒருத்தி இமிகிரேஷன் லாரிச் சத்தம் கேட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் ஓடினாள். விளக்கு போட்டதும் வாக்குவாதம் தொடங்கியது.

"நம்ம பாட்டன் கப்பல்ல வந்தப்ப என்ன கடப்பிதழ் வெச்சிருந்தாரு?"

"அது வேற, இது வேற. எங்கப்பா பேக்டரியில ஓவர்டைம் பூரா அவங்களுக்குத்தான் போகுது."

"அப்ப முதலாளியப் போய்க் கேளு. அவங்ககிட்ட ஏன் பாயற?"

இப்படியே கொஞ்ச நேரம் போனது. பிறகு யாரோ கேட்டார்கள்: "சரி, இங்க யாராவது அந்த மாதிரி ஒருத்தர நேர்ல பார்த்திருக்கீங்களா?"

ஒரு கையும் உயரவில்லை. என் கையும்தான். மூன்றாவது வரிசையில் அண்ணன் துண்டால் உறுமியின் தோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தி தரையைப் பார்த்தார். பிறகு, "இப்ப இசை" என்றார்.

அண்ணன் எழுந்து போய் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி இழுத்தார். திருவிழாவில் கேட்ட துள்ளல் அதில் இல்லை. நீண்டு, இறங்கி, மறுபடி எழும் ஒரு முனகல். வாதிட்டவர்கள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

கல்லூரியின் அந்தக் கடிதம் என் மேசைச் சேட்டையால் வந்தது என்று சித்தி ஒருநாளும் சொன்னதில்லை. அவர் விளக்கம் எழுதி அனுப்பியதும், அவருடைய பணி உயர்வு ஓர் ஆண்டு தள்ளிப்போனதும் என் மாமா சொல்லித்தான் தெரியும். ஒரு மனிதரைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு வராமல் காத்ததற்கு, இன்றும் சித்தியை நன்றியோடு நினைக்கிறேன். என்னைக் கடிந்துகொள்ளாத அந்த அண்ணனையும்தான்.

அன்று எல்லாரும் கலைந்த பின் அண்ணன் என் மேசைக்கு வந்தார். "இப்ப எழுதலாமா பாப்பா?" என்று கேட்டுப் பேனாவை வாங்கினார். தன் பெயர், அப்பா பெயர், ஊர், வட்டம், மாவட்டம் என்று தமிழில் நிறுத்தி நிறுத்தி எழுதினார். மூன்று வரி ஆகிவிட்டது.

"ஒருத்தருக்கு ஒரு வரிதாண்ணே" என்றேன் எரிச்சலோடு.

"மன்னிச்சுக்கம்மா. எழுதி நாளாச்சு" என்று சிரித்தார்.

பேர் எழுத ஒருவருக்கு ஏன் அவ்வளவு ஆசை என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த ஆண்டு கடையில் அவரைக் காணவில்லை. ஆவணம் இல்லாதவர்களுக்கு அரசு தந்த பொது மன்னிப்பில் ஊர் திரும்பினார் என்றார் கடைக்காரர். பாலிங்கில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். பாலிங்கில் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. அன்று அவர் எழுதியதைச் சித்தி குறித்து வைத்திருந்தார்; அந்த முகவரிக்கு இரண்டு முறை கடிதம் போட்டும் பதில் வரவில்லை. அவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.