கல்லில் முதல் பெயர்

ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளன்று சவுரிராயன் ஒரு மெழுகுவத்தியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார். அப்பா, அம்மா கல்லறைகளில் சாமந்தி போட்டு, வத்தி ஏற்றி, சாமியார் மந்திரித்துப் போனதும், அந்த ஒன்றை மட்டும் மதிலோரத்தில், யாரையும் புதைக்காத மண்ணில் நட்டுக் கொளுத்துவார். காற்றில் அணைந்தால் மறுபடியும் கொளுத்துவார். அவர் பட்டாளத்திலிருந்து திரும்பிய பத்தொன்பது வருஷமாக அவர் மனைவி இருதயமேரி இதைப் பார்த்து வந்தாள். கூட இருந்து செத்த சிநேகிதனாக இருக்கும் என்று தானே முடிவு செய்துகொண்டாள். கேட்டதில்லை.

திண்டிவனத்துக்கு மேற்கே அவர்கள் ஊர். அவர் எல்லையில் பனியில் கிடந்த பதினேழு வருஷத்தில் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள், மாமியாரை அடக்கம் செய்தவள், கேணி மோட்டார் பழுதானால் ஆள் தேடி ஓடியவள் அவள்தான். ஊர் அவருக்கு ஒரு மரியாதை செய்தால் அதில் பாதி தனக்கு என்று நினைத்திருந்தாள்.

போன வருஷம் அது வந்தது. ஊரில் பட்டாளத்துக்குப் போன ஐந்து பேரின் பெயரையும் கல்லில் வெட்டி, சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட வாசலில் திறப்பதென்று இளைஞர் மன்றத்தில் முடிவானது. மன்றத் தலைவன் லூர்து பிரகாஷ் வந்து சொன்னபோது, தன் பெயர் வேண்டாம், மற்ற நாலு பேரைப் போடுங்கள் என்றார் சவுரிராயன். பெரிப்பாவுக்கு வெட்கம் என்று பையன்கள் சிரித்தார்கள்.

அவர் விழுப்புரத்தில் பட்டாளத்தாருக்கான கேன்டீனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நாளில், டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த பாராட்டுப் பத்திரத்தை எடுத்து லூர்து பிரகாஷிடம் கொடுத்தாள் இருதயமேரி. அது இங்கிலீஷில் இருந்தது. நாலாவதோடு நின்றவளுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

விழாவில் லூர்து பிரகாஷ் அதைத் தமிழாக்கி மைக்கில் வாசித்தான். கொட்டும் பனியில், தன்னந்தனியாக, ஊடுருவ வந்த தீவிரவாதியைச் சுட்டு வீழ்த்திய வீரர். கூட்டம் கை தட்டியது. அவளும் தட்டினாள். பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள். போர்த்திய சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

மத்தியானம் அவர் விதைக்கு வைத்திருந்த மல்லாட்டைக் கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவன் கையில இருந்தது துப்பாக்கி இல்ல மேரி. வெறகு. பனியில எனக்கு வேற மாதிரி தெரிஞ்சிது. கிட்டப் போனா, கயிறு போட்டுக் கட்டிக்கினு வந்துருக்கான்."

மேலதிகாரியிடம் அன்றைக்கே சொன்னாராம். அந்த அதிகாரி இவர் தோளில் கை வைத்து, போய்ச் சாப்பிடு என்றாராம். இரண்டு மாதத்தில் இந்தப் பத்திரம் வந்ததாம்.

"பட்டாளத்தானுக்கு சால்வ போடாதன்னு சொல்லல. குண்டடி பட்ட என்ன முதுகுல தூக்கினு ஆறு மைல் நடந்தான் ஒருத்தன். அவனுக்குப் போடு. எனக்கு வாணாம்."

"வெறகோட வந்தவன் பேராவது தெரியுமா?"

"தெரிஞ்சா கோயில்ல பூசை வச்சிருக்க மாட்டனா?"

அவனுக்குப் பெண்டாட்டி இருந்தாளா என்று கேட்டாள். அவர் அடுத்த மல்லாட்டையை எடுத்து உடைத்தார்.

மறுநாள் மன்றத்துக்குப் போய், கல்லிலிருந்து பெரிப்பா பெயரை எடுத்துவிடச் சொன்னாள்.

"செதுக்கினத எப்பிடி பெரிம்மா அழிக்கிறது? எதுக்கு எடுக்கணும்?" என்றான் லூர்து பிரகாஷ்.

பட்டாளத்தில் சேருவதற்காக ஓடிப் பழகும் பையன்கள் இரண்டு பேர் பக்கத்தில் வேர்வையோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும், சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அன்றிலிருந்து அடுப்புக்கு முள் விறகு வெட்டிக் கட்டும்போதெல்லாம் அவள் கண் முன்னால் ஒருத்தி வந்து நிற்கிறாள். முகம் தெரிவதில்லை. பனிக்குள் போகும் பாதையைப் பார்த்தபடி, போனவன் இன்னும் வரவில்லையே என்று நிற்கிறாள். தான் கை தட்டிய சத்தம் அவளுக்குக் கேட்டிருக்குமோ என்று இருதயமேரி நினைத்துக்கொள்கிறாள்.

கல் பள்ளிக்கூட வாசலில்தான் இருக்கிறது. அவர் பெயர்தான் முதலில். கடைக்குப் போக அவர் ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகிறார். ஏன் என்று ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.