அடைத்த மூக்கு

எதைப் பார்த்தாலும் அவளுக்குக் குமட்டும். அப்படிப்பட்டவளிடம்தான் ஊர்ப் பொதுக்கூடத்தின் சாவி இருந்தது. பழைய பால் நிலையத்துக்கு வெள்ளையடித்து, ஆறு கட்டில், இரண்டு குளியலறை, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பெட்டி, வாசலில் குடிநீர்க் குழாய் என்று அமைத்திருந்தார்கள். மலைப்பாதையில் சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் அங்கே தங்கி இளைப்பாறிப் போவார்கள். போன பிறகு கூட்டித் துடைக்க இவள் உள்ளே நுழைவாள். மின்விசிறி இறக்கையில் காயப்போட்ட காலுறை. முகம் கழுவும் தொட்டியில் சங்கிலி எண்ணெய். குளியலறைச் சல்லடையில் யாருடைய முடியோ சுருண்டு கிடக்கும். தலையணை உறையால் கால் விரல் இடுக்கைத் துடைத்த மகராசனுக்கு அவள் கொடுத்த அர்ச்சனையைத் தெருமுனை டீக்கடைக்காரர் இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

ஊரில் அவளுக்குப் பெயரே மூக்கு. பால் திரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சொல்லிவிடுவாள் என்பான் அவள் கணவன். அவன் பாதி கேலியாகச் சொன்னதை ஊர் முழுசாக நம்பியது.

அந்த வாரம் அவளுக்குச் சளி. தைல பாட்டிலை மூக்கில் கவிழ்த்தாலும் தெரியாத சளி. ஏழு நாள் உலகம் வாடையே இல்லாமல் கிடந்தது. கல்யாணமானதிலிருந்து அந்த ஏழு நாள்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

எட்டாம் நாள் காலை, தங்கியிருந்த ஒரு தகப்பனும் பதினாறு வயது மகளும் கிளம்பினார்கள். வாசல் குழாயில் இரண்டு பாட்டிலையும் இவளே நிரப்பிக் கொடுத்தாள். அவர்கள் போய் அரை மணி நேரம் இருக்கும். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்க மூக்கு பட்டென்று திறந்தது. பிண வாடை.

ஏணி வைத்து ஏறினாள். கூரைமேல் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மூடி விலகியிருந்தது. உள்ளே ஒரு புறா உப்பி மிதந்தது. இறகுகள் தனியாக, தோல் தனியாக. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தாள்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு அந்தக் குழாயில் பிடித்த தண்ணீர்மேல் நாலு நாளாகவே சந்தேகமாம். "நீ ஒண்ணும் சொல்லலையே, அதான் நாங்களும் பேசாம இருந்துட்டோம்." டீக்கடைக்காரரும் அதையே சொன்னார். ஊரே அவள் மூக்கை நம்பித் தன் மூக்கை மூட்டை கட்டி வைத்திருந்தது.

கூடத்தின் செயலாளர் அவளுடைய கொழுந்தன். அவனோ முந்தாநாளே ஏறிப் பார்த்திருக்கிறான். தொட்டியைக் காலி செய்தால் மறுபடி நிரம்ப நாலு நாள் ஆகும். நாளைக்கு அறுபது பேர் சைக்கிளில் வந்து தண்ணீர் பிடித்துப் போக இருக்கிறார்கள். தண்ணீர் இல்லையென்றால் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்கள். மூடியை அரைகுறையாக இழுத்து வைத்துவிட்டு இறங்கிவிட்டான்.

"நீங்களே கண்டுபிடிக்கல அண்ணி. வர்றவங்களா கண்டுபிடிக்கப் போறாங்க?"

சொல்லிவிட்டுப் பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். புறாவைப் பார்த்தபோதுகூட அவளுக்கு அப்படிக் குமட்டவில்லை. தகப்பனின் நம்பருக்காக வருகைப் பதிவேட்டை இழுத்தாள். அதன்மேல் அவன் கையை வைத்தான்.

"வேணாம். நம்ம கூடத்தோட பேரு கெட்டுடும். மீறிப் பேசினா சாவியைக் கொடுத்துட்டுப் போயிடுங்க."

"கையை எடுங்க தம்பி."

எடுத்தான். அவள் நம்பரைப் பார்த்துப் போன் போட்டாள். பூசி மெழுகவில்லை. "நான் பிடிச்சுக் கொடுத்த தண்ணியில புறா செத்துக் கிடந்திருக்கு. குடிக்காதீங்க, கொட்டிடுங்க" என்றாள். அந்தப் பக்கம் சைக்கிளை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: மகள் வாயில் வைத்ததுமே துப்பிவிட்டாளாம். மலைத் தண்ணீரைக் குறை சொல்லாதே என்று அவளைத் திட்டிவிட்டு, இரண்டு பாட்டிலையும் அவரே குடித்திருக்கிறார். அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னாள். போனதும் தகவல் சொல்லச் சொன்னாள்.

பிறகு போய்த் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டாள். தெருவில் தண்ணீர் ஓட, ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். இப்போது எல்லாருக்கும் மூக்கு இருந்தது. கொழுந்தனிடம் சாவியைக் கொடுத்தாள். கூடவே ஒரு வாளியையும்.

"ஏறி அதை எடுத்துட்டு வாங்க தம்பி."

வேறு யாரையாவது அனுப்பலாமா என்று அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் அசையவில்லை. ஏறினான். பாதி ஏணியிலேயே வாந்தி எடுத்தான்.

மதியம் போன் வந்தது. மகள்தான். அப்பாவுக்கு நாலு தடவை வாந்தி, குளுக்கோஸ் ஏறுகிறது, பயமில்லையென்று டாக்டர் சொன்னார் என்றாள். பிறகு, "அப்பாவுக்கு உங்க மேல கோவம் இல்லையாம். எனக்கு இருக்கு" என்றாள்.

"இருக்கணும்மா," என்றாள் இவள்.