ருசி பார்த்துச் சொன்னவள்

அந்தத் தட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. விளிம்பில் நீலக்கோடு போட்ட பிளாஸ்டிக் தட்டு. ஒரு பக்கம் வெள்ளைச் சோறு, மறுபக்கம் ஆவி பறக்கும் கங்கோங் கீரை. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் தொழிற்சாலைக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடை அது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் லைன் லீடர் அக்கா. தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவர் மகள் உண்டாகியிருந்தாள். பிள்ளை நல்லபடி பிறக்க வேண்டுமென்று அக்கா பால்குடம் நேர்ந்துகொண்டு விரதத்தில் இருந்தார். தினமும் வீட்டுச் சாப்பாடுதான். அன்று பார்த்துச் சோற்றுப் பாத்திரத்தைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார். "இந்தக் கடை பரவாயில்லக்கா, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனவள் நான்.

அக்கா போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. விலை கேட்பார், எண்ணெய் பழசா என்று கேட்பார். "காசு குடுத்துத்தானே சாப்பிடுறோம், கேக்குறதுக்கு என்ன வெக்கம் லா?" என்பார். பக்கத்தில் நிற்கும் எனக்குத்தான் மானம் போகும். அன்றும் மூன்று முறை கேட்டார். "வெறும் கீரைதான்க்கா. கறி இல்ல, மீன் இல்ல, சட்டியும் கழுவிட்டேன்" என்றார் கடைக்காரர். பாவம், அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. இறாலை அரைத்துக் காயவைத்ததுதான் பெலாச்சான். ஆனால் பினாங்கில் அதை யார் இறாலாக நினைக்கிறார்கள்? உப்பு மாதிரி, கை தானாக அள்ளிப் போட்டுவிடும்.

அக்காவுக்குச் சளி. "மூக்கே வேலை செய்யலடி. நீ ஒரு வாய் பாத்துச் சொல்லு" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார். வாயில் வைத்ததுமே பெலாச்சான் என்று தெரிந்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குத் திரும்பப் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது. சொன்னால் அக்கா கடைக்காரரைச் சும்மா விடுவாரா? ஒரு சிட்டிகைக்குச் சாமி கோபிக்கவா போகிறது?

"ஒண்ணும் இல்லக்கா, சாப்பிடுங்க" என்றேன்.

சுத்தமாகச் சாப்பிட்டார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தார், நானும் கூடவே நடந்தேன். அடுத்த வாரம் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை தவறிவிட்டது. செய்தி கேட்டபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் எதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். "அம்மா, கடையில வந்து கேஸ் விசாரிக்காதீங்க லா" என்று என் மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று கிளிப்பிள்ளை மாதிரி அவளிடம் ஒப்பிக்கிறேன். பெலாச்சானுக்காக முருகன் ஒரு பிள்ளையைப் பறிப்பான் என்று நான் நம்பவில்லை. ஆனால் அக்கா நம்புவார். அதனால் சொல்லவே இல்லை. தான் எதைச் சாப்பிட்டோம் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. கடைக்காரர் தெரியாமல் செய்தார். நான் தெரிந்தே செய்தேன்.

அக்கா இப்போது சுங்கை பாக்காப்பில் மகளோடு இருக்கிறார். அதற்குப் பிறகு மகளுக்குப் பிள்ளை இல்லை. நேற்றும் போன் செய்தார். வழக்கம்போலப் பேச்சு அங்கேதான் போய் நின்றது.

"எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்? எங்கடி தப்பு பண்ணேன்?"

"நீங்க ஒரு தப்பும் பண்ணலக்கா."

"மத்தவங்க எல்லாம் சமாதானத்துக்குச் சொல்றாங்க. நீ ஒருத்திதான்டி என்கிட்ட உண்மையச் சொல்றவ" என்றார்.

சரிக்கா என்று சொல்லிப் போனை வைத்தேன்.