லொரேத்தாவை வீட்டுக்குக் கூட்டிப்போன கிறிஸ்துமஸ்

இத்தாலியின் லாக்விலா நகரத்தில் முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டர் பார்த்தவர் பெரார்தோ. எந்த மாடியில் எந்தப் படி ஆடும், எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகச் சமைக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. லொரேத்தாவைப் பார்த்ததும் அந்த வேலையில்தான். அவள் கதவைத் திறக்காமல், "அடையாள அட்டையக் கதவுக்கு அடியில தள்ளு" என்றாள். தள்ளினார். "போட்டோவுல இருக்கிறவன் அழகா இருக்கான். அவன அனுப்பு, நீ போ" என்று சொல்லிக்கொண்டே திறந்தாள். அடுத்த வருஷம் கல்யாணம்.

சான் பியெத்ரோ சதுக்கத்திலிருந்து மேலே ஏறும் சந்தில், இரண்டாவது மாடியில் வீடு வாங்கினார்கள். மகள் மிரெல்லா அங்கே பிறந்து வளர்ந்து, வேலை கிடைத்துப் பெஸ்காராவுக்குப் போனாள்.

பிறகு நிலநடுக்கம் வந்த அந்த ஏப்ரல். நிலம் ஆடியபோது இருவரும் செருப்புகூட இல்லாமல் சதுக்கத்துக்கு ஓடினார்கள். வீடு விழவில்லை, பிளந்து நின்றது. சந்து முழுவதையும் வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். ஊருக்கு வெளியே அரசாங்கம் அவசரமாகக் கட்டிய குடியிருப்பில் ஒரு ஃபிளாட் கிடைத்தது. லொரேத்தா அதற்கு வைத்த பெயர் தீப்பெட்டி. யாராவது வந்தால், "வாங்க, குச்சியோட குச்சியா உக்காருங்க" என்பாள். கிறிஸ்துமஸுக்குக் கொண்டைக்கடலைப் பூரணம் வைத்துக் கஜ்ஜோனெத்திப் பலகாரம் பொரிக்கும்போதெல்லாம், "அடுத்த கிறிஸ்துமஸ் நம்ம வீட்டுல" என்பாள். விடுமுறை முடிந்ததும் பெரார்தோ வீட்டைப் பழுதுபார்க்கச் சொல்லும் மனுக்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைவார்.

ஆறாவது கிறிஸ்துமஸில் அவள் அதைச் சொல்ல மறந்தாள். அதற்குப் பிறகு உப்பை மறந்தாள், பக்கத்து வீட்டுக்காரியின் பெயரை மறந்தாள். மருத்துவர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரைப் பெரார்தோ வாயால் சொன்னதே இல்லை. இவளை இந்தத் தீப்பெட்டிதான் இப்படி ஆக்கிவிட்டது, சொந்த வீட்டுக்குள் காலை வைத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது வருஷம் டிசம்பர் தொடக்கத்தில், பழுதுபார்த்து முடித்த பழைய வீட்டின் சாவி கிடைத்தது.

"அப்பா, இடத்த மாத்தாதீங்கன்னு டாக்டர் சொன்னாருல்ல" என்றாள் மிரெல்லா போனில்.

"இது இடம் மாத்தறது இல்லம்மா. திரும்பிப் போறது."

மூன்று வாரம் ஒற்றை ஆளாக வேலை செய்தார். சாப்பாட்டு மேசையைப் பழைய இடத்திலேயே போட்டார். தீயணைப்புக்காரர்கள் அன்றைக்கு மீட்டுக் கொடுத்த பீங்கான் தட்டுகளைக் கழுவி அடுக்கினார். சந்து முனையில் மதுக்கடை வைத்திருக்கும் ஃபவுஸ்தோ, "என்ன பெரார்தோ மாமா, புதுப் பொண்டாட்டி வரப்போறாளா, இவ்வளவு ஜோடனை?" என்று கேட்டான். "பழைய பொண்டாட்டிதான்டா" என்றார் பெரார்தோ. முகமெல்லாம் சிரிப்பு.

இருபத்து மூன்றாம் தேதி காலையில் அவளைக் கைப்பிடித்து மாடி ஏற்றினார். வாசலில் அவள் கால்மிதியில் ஷூவை நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தாள். அறை அறையாகப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. யாரு வீடு?"

"நம்ம வீடு, லொரே."

"சும்மா சொல்லாதே" என்று சிரித்தாள். நாற்காலி விளிம்பில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் அவர் கருவாட்டை ஊறவைத்துத் தக்காளியில் வேகவைத்துப் பரிமாறினார். அவள் விருந்தாளியைப் போலக் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். "அவங்க வர்ற வரைக்கும் காத்திருந்திருக்கலாம்" என்றாள்.

"யாரு?"

"வீட்டுக்காரங்க."

கிறிஸ்துமஸ் அன்று மதியம் மிரெல்லா பெஸ்காராவிலிருந்து வந்தாள். சின்னச் சின்ன இறைச்சி உருண்டைகள் மிதக்கும் சூப்பை அடுப்பில் ஏற்றினாள். ஆவியில் சமையலறை ஜன்னல் மங்கிப்போயிற்று. அப்போது லொரேத்தா தானாக எழுந்து ஜன்னலிடம் போனாள். அந்தப் பழைய மரச்சட்டத்தைத் திறக்க ஒரு வித்தை இருந்தது. இடது கையால் சட்டத்தை மேலே தூக்கி, வலது கட்டைவிரலால் கொக்கியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அவளைத் தவிர யாருக்கும் அது ஒரே தடவையில் வந்ததில்லை. இப்போது அவள் இடது கை சட்டத்தின் அடியில் போயிற்று. வலது கட்டைவிரல் உயர்ந்தது.

பெரார்தோ கரண்டியைக் கீழே வைத்தார்.

கொக்கி அங்கே இல்லை. புது ஜன்னல், புதுக் கைப்பிடி, அதுவும் வேறு இடத்தில். கட்டைவிரல் வெறும் சட்டத்தில் தடவித் தடவித் தேடியது. பிறகு அவள் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

"இத அந்த வீடு மாதிரியே பண்ணி வச்சிருக்கீங்க. ஆனா அது இல்ல. என்னைய எதுக்கு ஏமாத்தறீங்க?"

"அம்மா, உக்காரும்மா. சூப் ஆறுது" என்றாள் மிரெல்லா.

அவள் உட்காரவில்லை. கோட்டை மாட்டினாள். பொத்தான்களை மேலும் கீழுமாகப் போட்டிருந்தாள். கதவுப் பக்கத்தில் போய் நின்றாள். "வீட்டுக்குப் போலாம், பெரார்தோ."

"எந்த வீட்டுக்கு?" அந்தக் கேள்வியைக் கேட்கும்போதும் அவருக்கு ஆசை விடவில்லை.

"என்ன கேள்வி இது? லிஃப்ட் இருக்குமே. படுக்கைலேர்ந்தே மலை தெரியுமே. நம்ம வீடு."

நாற்பத்தொரு வருஷத்தில் அவளிடம் குரல் உயர்த்தாதவர் அன்றைக்குக் கத்தினார். "அது வீடா? நீதானே அதத் தீப்பெட்டின்ன? ஒம்பது வருஷம், லொரேத்தா! ஒம்பது வருஷம் எதுக்கு நாயா அலைஞ்சேன்? நல்லா பாரு, இது உன் வீடு! பாரு!"

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கைப்பையை நெஞ்சில் அணைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க, சார்" என்றாள் மெதுவாக. "நாங்க போயிடறோம். எதையும் தொடல."

மிரெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரார்தோ அவள் பக்கத்தில் போனார். பிறகு குனிந்து, அவள் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார். "வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்" என்றார். அவளுக்கு 'வாங்க' சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் பயம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபிளாட்டுக்குள் நுழைந்ததும் லொரேத்தா பார்க்காமலே விளக்கு ஸ்விட்சைத் தட்டினாள். செருப்பு மாற்றினாள், காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். ஒன்றிலும் தடுமாற்றம் இல்லை. "பாவம், அந்த மனுஷன் நல்லவருதான். என்ன கஷ்டமோ அவருக்கு" என்றாள். பெரார்தோ ஆமாம் என்றார்.

மறுநாள் புனித ஸ்தேஃபனோ திருநாள், ஊருக்கே விடுமுறை. லொரேத்தாவை மகளிடம் விட்டுவிட்டுத் தனியாகப் பழைய வீட்டுக்குப் போனார். சூப் அப்படியே உறைந்து கிடந்தது. அதைக் கொட்டி, பாத்திரம் கழுவி, தட்டுகளைத் துடைத்து அடுக்கினார். பிறகு ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து அழுதார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. ஃபவுஸ்தோ படியேறி வந்து பார்த்தவன், கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போனான்.

ஃபிளாட்டின் சாவியை மாதக் கடைசிக்குள் நகராட்சியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருநாளுக்குப் பிறகு அலுவலகம் திறந்த முதல் நாளே பெரார்தோ அங்கே வரிசையில் நின்றார். அவரை வருஷக்கணக்காகத் தெரிந்த எழுத்தர் பெண் கோப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஐயா, வீடு ரெடியாயிடுச்சே. நீங்க எத்தனை வருஷமா கேட்டது! அதுக்கப்புறம் என்ன?"

"அந்த ஃபிளாட்டுலயே இருக்கணும்" என்றார் பெரார்தோ. "அவளுக்கு வீடு அதுதான். அதுக்கு என்ன படிவம்னு சொல்லும்மா."