அவர்கள் மொழியில் ஒரு சரணம்

எங்கள் சபைப் பாடகர் குழுவில் நான் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடுகிறவள். நான்கு வருடங்களுக்கு முன், புதுக்கடைப் பக்கம் ‘அண்டி ஆபீஸ்’ என்று சொல்லும் முந்திரி ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்து ஒரு குடும்பம் வேலைக்கு வந்தது. கணவன், மனைவி, ஆறு வயது மகள். ஆராதனையில் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஞானப்பாட்டு ஒன்றைப் பாடும்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல் இரண்டாம் குரலில் சேர்ந்தது. ராகம் எங்களுடையது, வார்த்தைகள் வேறு.

அந்த மனைவிதான். அவளைக் குழுவுக்குள் கூப்பிட்டேன். தமிழ் பேசப் பழகிக்கொண்டாளே தவிர வாசிக்க வரவில்லை. மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வாசிக்கத் தேறியபின், பயிற்சியில் அந்தப் பிள்ளை வரிவரியாக வாசிக்க, அவள் இந்தி எழுத்தில் எழுதிக்கொள்வாள்.

“வாழ்வுன்னு சொல்லும்மா. வால்வு இல்ல” என்று பிள்ளை திருத்தும்.

போன கிறிஸ்துமஸுக்கு ஒரு சரணத்தைத் தாயும் மகளும் தங்கள் மொழியில் பாடட்டும் என்று நான்தான் சொன்னேன். மகள் மாட்டேன் என்றாள்.

“ஏன் மக்கா?”

“எனக்க கூட்டுக்காரியெல்லாம் கேக்கும். பொறவு ஸ்கூல்ல என்ன இந்திக்காரின்னு விளிக்கும்.”

மெல்பர்னில் இருக்கும் என் அண்ணன் மகள் தமிழில் பாட மறுத்தபோது, பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று அண்ணனைக் குறை சொன்னவள் நான். அண்ணன் மகளிடம் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“அவ வேண்டாம் அக்கா. நான் பாடுறேன்” என்றாள் தாய்.

தனியாகத்தான் பாடினாள். மகள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சங்கடமாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும் பெண்கள் தாயைச் சுற்றிக்கொண்டு அர்த்தம் கேட்டார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டாள்.

“எங்க காட்டுலயும் விடிஞ்சாச்சுன்னு அர்த்தம்” என்றாள் பிள்ளை, வேண்டாவெறுப்பாக.

“காடு இல்ல” என்று தாய் குறுக்கிட்டுத் தங்கள் மொழியில் வேறு ஏதோ சொன்னாள். மகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக இருவரும் தங்கள் மொழியில் வாதாடத் தொடங்கினார்கள். பிள்ளையின் பள்ளிக் கூட்டுக்காரிகள் கேக்கைத் தின்றபடி பக்கத்தில்தான் நின்றார்கள். பிள்ளை குரலைத் தாழ்த்தவில்லை.