கடைசிக் காம்பராவும் திறந்த தரவும்

பிறர் நம்பிச் சொன்னதைக் கேட்டுவந்து, அந்த நம்பிக்கை கெடாமல் உலகத்துக்குச் சொல்வதே சமூக ஆய்வாளரின் தொழில். நிதியங்களின் நிபந்தனைகளோடு ஒருமுறையேனும் மல்லுக்கட்டியவர்களுக்கு இதிலுள்ள அவதியை நான் விளக்க வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தின் பதுளையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று ஆய்வு நடத்தும் எனக்கு அண்மையில் நேர்ந்தவை இவை.

வாய் வலி

மண்சரிவு அபாயமுள்ள லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வசிப்போருக்குப் புது வீடுகள் எவ்வாறு ஒதுக்கப்படுகின்றன என்பதே எங்கள் ஆய்வு. முடிந்ததும் திரட்டிய தரவு முழுவதையும் எவரும் பார்க்கக்கூடிய இணையக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும், இல்லையேல் இறுதித் தவணைப் பணம் கிடையாது என்பது நிதியத்தின் நிபந்தனை. மனமுவந்தே கையெழுத்திட்டேன். பொதுப் பணத்தில் திரட்டியதை அலமாரியில் பூட்டிவைத்து, பதவி உயர்வுக்கு மட்டும் வெளியே எடுப்போரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிபந்தனையின் நியாயம் முதல் நாளே உறுதியாயிற்று. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கேள்வியைத் தொடங்கியதும், கொழுந்துப் பையை இறக்கிவைத்த ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதையேதான் முந்தி வந்தவங்களும் கேட்டாங்க. அவங்ககிட்ட வாங்கிப் படிச்சுக்கக் கூடாதாம்மா? எங்களுக்கு வாய் வலிக்குதுல்ல?"

எடுத்ததும் விட்டதும்

அதே தோட்டத்தில் கணவரை இழந்த ஒரு பெண், கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். புது வீட்டைக் கொழுந்தன் பெயரில் எழுதச் சம்மதித்தால்தான் வீடு கிடைக்கும் என்று, தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணி அவரிடம் சொல்லியிருக்கிறார். வேறு சில விதவைகளும் இதையே கூறினார்கள். இவர்கள் வாய் திறந்தது கங்காணிக்குத் தெரிந்தால் வீடு கைநழுவிவிடும். யார் சொன்னது என்று வெளியே வராது என அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் உதவியாளர் சிவதர்ஷினி யாழ்ப்பாணத்தவர், வேலையில் சுத்தம். பெயர்களையெல்லாம் நீக்கிக் களஞ்சியத்துக்கான கோப்பை ஆயத்தம் செய்தார். வீட்டு ஆய்வு என்பதால் லயத்தையும் காம்பராவையும், அதாவது அந்த வரிசை வீடுகளில் எந்த அறை என்பதையும், அப்படியே விட்டிருந்தார். விடுபட்ட விவரங்களைக் கேட்க மறுநாள் வீடு வீடாகச் சென்றபோது, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்ற பெண்களிடம் சிவதர்ஷினி ஒருவரின் பெயரைச் சொல்லி வீடு எதுவென்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. "மூன்றாம் லயத்துக் கடைசிக் காம்பரா" என்றேன் நான். உடனே எல்லாக் கைகளும் ஒரே திசையில் நீண்டன. "அத மொதல்லயே சொல்லக் கூடாதா? பேரச் சொன்னா யாருக்குத் தெரியும்!" என்று சிரித்தார்கள்.

சிவதர்ஷினி சிரிக்கவில்லை. இறக்கத்தில் பாதி வழியில் என்னை நிறுத்தினார். "ஐயோ அம்மா, நான் பேரை எடுத்துப்போட்டு ஆளையல்லோ விட்டு வச்சிருக்கிறன்!"

கொழும்பு அழைப்பு

நிதியத்தின் தரவு அலுவலரோடு காணொளியில் பேசினேன். பெயர்தான் இல்லையே, பிறகு என்ன அச்சம் என்றார். தோட்டத்தில் காம்பராதான் பெயர் என்றேன். நிபந்தனை எல்லோருக்கும் பொது என்றார். தவணையை நிறுத்திக்கொள்ளுங்கள், இந்தக் கோப்பு இப்படியே வெளியேறாது என்றேன். பின்னர் அவர்களது நிபந்தனையையே எடுத்துப் படித்துக் காட்டினேன்: தரவைத் தந்தவரின் சம்மதத்துக்கு உட்பட்டே வெளியிட வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது.

பிறகு என் திட்டத்தைச் சொன்னேன். கேள்விகளும் முறையும், லயம் நீக்கித் தோட்டங்களை ஒன்றாக்கிய அட்டவணைகளும் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். நேர்காணல்கள் மூடியே இருக்கட்டும். விதவைகள் சொன்னதை, சம்மதித்தால், ஆள் தெரியாதபடி ஒன்றுசேர்த்துத் தருவோம். அவர் அதைக் குறித்துக்கொண்டார். "இந்த நிபந்தனைய எழுதினவங்க லயத்தப் பார்த்திருக்க மாட்டாங்க மேடம். பார்த்த நீங்க எழுதித் தாங்க, மேல நான் பேசிக்கிறேன்."

சம்மதம்

ஆயினும் கதவைச் சாத்திவிட்டுப் பேசிய அந்தப் பெண்ணின் விருப்பத்தை நானாகத் தீர்மானிக்க எனக்கு உரிமையில்லை. மீண்டும் மலையேறி, எது வெளியே போகும், எது போகாது என்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்தேன். மற்றப் பெண்களிடமும் கேட்கிறேன், வேண்டாமென்றால் முழுவதையும் நீக்கிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் தேநீரை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

"காம்பராவ எடுத்துருங்க. கங்காணி சொன்னத மட்டும் எடுக்காதீங்க, நாலு பேரு படிக்கட்டும். ஒங்க எழுத்துல எம் பேரு வேணாம்மா. வீட்டு உறுதிப் பத்திரத்துலதான் எம் பேரு வரணும்."

மற்றப் பெண்களும் சம்மதித்தார்கள், நிதியமும் என் திட்டத்தை ஏற்றது. எங்கள் தரவு இப்போது உலகம் முழுவதற்கும் திறந்தே இருக்கிறது. இதுவரை அதைத் திறந்து பார்த்தவர்கள் நானும் சிவதர்ஷினியும் அந்தத் தரவு அலுவலரும் மட்டுமே.